கரையேறிய பச்சைப் புள்ளி

என்னால் சும்மா இருக்க முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால் மண்டைக்குள் ஏதாவது ஓடும். "ஏளா, ஒங் கால்ல யாரு மோட்டார் மாட்டிவிட்டா?" என்று அம்மா திட்டாத நாள் கிடையாது. சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்குத் தூத்துக்குடி வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். ஊர் ஊராக ஓடும் லாரிகள் எங்கே நிற்கின்றன, எங்கே திரும்புகின்றன என்று நொடிக்கு நொடி வந்து கொட்டும் தகவலைப் பிடித்து, வரிசையாக்கி, கேட்கிறவர்களுக்கு அந்த நொடியே காட்டுகிற வேலை. பகல் முழுக்க அதைச் செய்துவிட்டுச் சாயங்காலம் மூடி வைத்தால் கை நமநமக்கும். பிறகு எனக்காக அதையே செய்வேன். குடிகாரனுக்குக் கடை மூடினால் வீட்டில் ஒரு பாட்டில் வேண்டுமல்லவா, அப்படித்தான்.

முதலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் மட்டம் ஏற ஏற என் போனில் கோடு ஏறும். மாநகராட்சித் தண்ணீர் எப்போது வந்தது, எப்போது நின்றது, எல்லாம் உடனுக்குடன். "தொட்டி நெறஞ்சா அதுவே வழியும், அதுக்கு ஒரு கம்ப்யூட்டரா?" என்றார் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பிறகு அதே மாடியில் ஒரு ஆன்டெனா நட்டேன். ஒவ்வொரு கப்பலும் தான் யார், எங்கே நிற்கிறேன், எவ்வளவு வேகம் என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வெளித் துறையில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் நிலக்கரிக் கப்பலெல்லாம் என் திரையில் முக்கோணம் முக்கோணமாக வந்து நின்றபோது அப்பாவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்படி ஒரு பெருமை.

கடலைப் பார்த்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. கடலுக்குள் போன குடும்பம் இல்லை. அந்த வித்தியாசம் என் தங்கைக்குக் கல்யாணம் ஆகும்வரை எங்களுக்குத் தெரியாது.

அவள் விரும்பிக் கட்டிக்கொண்டது ஒரு வள்ளக்காரனை. இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரே மாதா கோயில், ஒரே பாடல் குழு, அப்படி வந்த பழக்கம். நல்ல பையன். அதிகம் பேசமாட்டான். தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவன். சொந்தமாக ஒரு வள்ளம், சின்ன ஃபைபர் படகு, உண்டு. விடியும் முன்னே போய்ச் சாயங்காலம் வந்துவிடுவான். அவன் அம்மா, அத்தை, பாட்டி எல்லாருக்கும் காத்திருக்கத் தெரியும். கடலுக்குப் போகிறவனை அனுப்பிவிட்டுப் புளி கரைக்கவும், சண்டை போடவும், மதியம் குறட்டை விட்டுத் தூங்கவும் தெரியும். என் தங்கைக்கு அது தெரியவில்லை. அப்பா கிரேனிலிருந்து இறங்கி சைக்கிளில் வந்த வீட்டில் வளர்ந்தவள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் செல்போன் சிக்னல் அறுந்துவிடும். அந்த அறுந்த நேரம் முழுக்க அவள் சோறு தின்னமாட்டாள். காற்று ஒரு சத்தம் கூடுதலாகப் போட்டால் என் வீட்டுக்கு ஓடிவந்துவிடுவாள். கல்யாணமான வருஷத்திலேயே இளைத்துக் கறுத்துப் போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. லாரி எங்கே நிற்கிறதென்று யாருக்கோ சொல்லத் தெரிகிறது, என் தங்கை புருஷன் எங்கே நிற்கிறான் என்று சொல்லத் தெரியாதா?

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. உள்ளே ஒரு ஜிபிஎஸ், ஒரு சின்ன ரேடியோ, ஒரு பேட்டரி. சிக்னல் இல்லாத கடலிலிருந்தும் அது எங்கள் மாடி ஆன்டெனாவுக்குத் தன் இடத்தைச் சொல்லும். மாடியில் இருக்கும் குட்டிக் கணினி அதை வாங்கி அனுப்ப, தங்கை போனில் நீலக் கடலில் ஒரு பச்சைப் புள்ளி நகரும். தண்ணீர் புகாமல் இருக்க ஓரமெல்லாம் பசை வைத்து அடைத்தேன். அதைச் செய்து முடிப்பதற்குள் விரல்கள் சுட்டுப் புண்ணாகிவிட்டன.

"மைனி, இத எங்கன மாட்டணும்?" என்று கேட்டான் தங்கை புருஷன், கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"எங்கனயும் மாட்டாண்டாம். ஒங்கூட இருந்தாப் போதும்."

"சரி மைனி." அவ்வளவுதான். அவனிடம் வேறு பதில் எதிர்பார்க்கவும் முடியாது.

முதல் நாள் புள்ளி நகர்ந்தபோது தங்கை அழுதே விட்டாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு அரிசி களைந்தாள், துணி துவைத்தாள். மாமியார்தான் நொடித்தாள். "ஏளா, கடலுக்குப் போனவன செல்லுல பாத்துட்டே இருந்தா மீனு தானா வந்து வள்ளத்துல ஏறுமா? நாங்கள்லாம் எந்தப் புள்ளியப் பாத்து நாலு புள்ள பெத்தோம்?"

அப்படிப் பேசிய கிழவி எண்ணி ஒரு வாரத்தில் கவிழ்ந்துவிட்டாள். தன் போனிலும் அதைப் போட்டுத் தரச் சொன்னாள். தங்கை போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மீன் ஏலம் போடுகிற இடத்திலும், ஐஸ் கடை வாசலிலும், பூசை முடிந்து கோயில் முற்றத்திலும் அவள் கையில் அந்தப் போன்தான். "இந்தா பாரு, எம் மவன். இப்பம் இங்கன நிக்கான். காலைல இருந்து அசையாம நிக்கான் பாரு, நல்ல மீனு போலிருக்கு." சுற்றி நிற்கிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். நன்றாகப் பார்ப்பார்கள். நானும் ஒருநாள் அந்தக் கூட்டத்தில் நின்றேன். என் புள்ளிக்கு இத்தனை ரசிகர்களா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடலுக்கு அடியில் அங்கங்கே பாறைத் தளங்கள் உண்டு. பார் என்பார்கள். ஒரு காலத்தில் முத்துச்சிப்பி கிடந்த இடங்கள். இப்போது கலவா, விளமீன் என்று பாறை மீன்கள் அடையும் இடங்கள். பெரிய பார்கள் ஊருக்கே தெரியும். சின்னச் சின்னப் பார்கள் அப்படியல்ல. தேடிக் கண்டுபிடித்தவனுக்கு மட்டும் சொந்தம். கரையில் தெரியும் கோயில் கோபுரம், அனல்மின் நிலையப் புகைபோக்கி, பனைக்கூட்டம் என்று எதை எதோடு சேர்த்துப் பார்த்தால் அந்த இடம் வரும் என்பது குடும்ப ரகசியம். கூடப்பிறந்தவனிடம்கூட வாய் திறக்கமாட்டார்கள். தங்கை மாமியார் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாலும் புருஷன் கண்டுபிடித்து மகனுக்கு விட்டுப்போன பாரை மட்டும் சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் பார் என்றால் அவளுக்குக் கோபுரமும் புகைபோக்கியும். கண்ணாடித் திரையில் நீலத்தின் மேல் நிற்கும் ஒரு பச்சைப் புள்ளியும் அதேதான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கோபுரமும் தெரியாது, பாரும் தெரியாது என்று வளர்ந்த எனக்கும் தங்கைக்கும் தோன்றவில்லை. பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

தங்கை புருஷன் ஒருநாள் தன் பாருக்குப் போனபோது அங்கே வேறு வள்ளங்கள் நின்றிருக்கின்றன. மறுநாள் இன்னும் கூடுதலாக. இதெல்லாம் பிற்பாடு எங்களுக்குத் தெரிந்தது. அப்போது அவன் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவைத் திட்ட மனசு வரவில்லை. விரல் சுட்டுக்கொண்டு செய்து கொடுத்த மைனியிடம் வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். அந்த மக்கு என்ன செய்தான் தெரியுமா? கரையோரமாக நண்டு வலை போடும் தன் கூட்டாளியிடம், தினமும் விடியற்காலையில், வள்ளம் இறக்கும்போது அந்தப் பெட்டியைக் கொடுத்துவிடுவான். சாயங்காலம் கரையில் வாங்கிக்கொள்வான். அதற்குப் பிறகு ஊர்க்கண்ணில் படாத இன்னொரு பாருக்கு, முன்னைவிடத் தூரமாக, போய்க்கொண்டிருந்தான்.

எங்களுக்கோ, புள்ளி கரையோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, எனக்காவத்தான் இப்பம்லாம் கரைப்பக்கமே தொழில் பாக்காவ," என்றாள் தங்கை. அவள் முகம் தெளிந்தது. கன்னத்தில் சதை வைத்தது. மதியம் தூங்கினாள். மாமியாரோடு சரிக்குச் சரி சண்டை போட்டாள். இதற்காகத்தானே செய்தேன் என்று நான் நிறைந்து போனேன். ஆனால் எனக்குள் அந்த நமநமப்பு அடங்கவில்லை. நண்டுக்காரர்கள் போகும் இடத்தில் கலவா மீன் எப்படிக் கிடைக்கிறது என்று ஒருநாள் நினைத்தேன். நினைத்துவிட்டு, கம்பெனியில் ஏதோ அழைப்பு வர, விட்டுவிட்டேன்.

ஆடி மாதம். கச்சான் காற்று அடிக்கும் காலம். அது மேற்கே இருந்து வருவது. கரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளும். இன்ஜின் நின்றுபோன வள்ளத்தை இலங்கைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். அன்றைக்குக் காலையில் சாந்தமாக இருந்த காற்று, பொழுது ஏறியதும் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. தெருவெல்லாம் உப்பளத்துப் புழுதி. எங்கள் மாடி ஆன்டெனாக் கம்பு வளைந்து ஆடியது. நான் ஏறிப்போய்க் கயிறு போட்டுக் கட்டினேன். இறங்கி வந்தால் தங்கை என் அறையில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

"வந்துட்டாவக்கா! பாரு, கரை ஏறியாச்சு."

புள்ளி கடலைத் தாண்டி மணலுக்கு வந்திருந்தது. மற்ற வள்ளங்களும் ஒவ்வொன்றாகத் திரும்புவதாக அப்பா வெளியிலிருந்து சொன்னார். அம்மா அன்று ஊளி மீன் குழம்பு வைத்திருந்தாள். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறேன், பசி கொல்லுது" என்று தங்கை தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டாம் முறை சோறு வாங்கினாள். மீன் தலையை வைத்துச் சப்பிச் சப்பித் தின்றாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

புள்ளி தெருவுக்குள் வந்தது. அவள் வீட்டைத் தாண்டியது. அடுத்த தெருவில் திரும்பி ஒரு வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இதென்ன, அங்கன யாரு வீடு?" என்றேன்.

அவள் கை சோற்றில் அப்படியே நின்றது. கட்டினவளுக்கு வரும் முதல் எண்ணம் எதுவோ அதுதான் அவளுக்கும் வந்தது. கையை ஒழுங்காகக் கழுவக்கூட இல்லை. செருப்பில்லாமல் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். "ஏளா, நில்லு, என்ன ஏதுன்னு கேப்போம்" என்று கத்தியது காற்றில் போயிற்று.

கதவைத் திறந்தது கூட்டாளி. தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். உள்ளே தரையில் சோற்று வாளி, அதன் பக்கத்தில் ஈரத் துணிப்பை. பையின் வாயில் என் பெட்டி. அதன் சின்ன விளக்கு பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"எங்க அவிய?" என்றாள் தங்கை.

அவன் பெட்டியைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். துண்டு கையிலிருந்து நழுவியது.

"இன்னும் வரலியா? நான் நெனச்சேன்... எனக்கு முன்னாலயே வந்திருப்பான்னு நெனச்சேன். அவன் தூரமால்லா போயிருக்கான்!"

மாதாவே! தங்கை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டாளிதான் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினான். பார், மாமியாரின் போன், தினமும் காலையில் கை மாறும் பெட்டி, எல்லாம். "வீட்டுல சொல்லிராதன்னு சத்தியம் வாங்கிட்டான் மைனி. ஆனா அந்தப் புதுப் பாரு எங்கன இருக்குன்னு எனக்கு மட்டும் சொல்லியிருக்கான். நான் போயிப் பாத்துட்டு வாரேன்." சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினான். தெருவில் இன்னும் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். அந்தக் காற்றில் இரண்டு வள்ளம் இறங்கியது. கடலோரக் காவல் படைக்கும் யாரோ போன் போட்டார்கள்.

பிறகு காத்திருப்பு. அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

பெட்டியை எடுத்துக்கொண்டு, தங்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி ஜெபமாலை உருட்டினாள். நான் திரையின் முன்னால் உட்கார்ந்தேன். எழுந்தேன். மாடிக்குப் போனேன். இறங்கினேன். மறுபடி உட்கார்ந்தேன். கப்பல்களின் முக்கோணங்கள் காற்றுக்குத் திரும்பி எல்லாம் ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு கப்பலும் தான் எங்கே என்று ஒரு குறையுமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டிய ஒரே ஒரு வள்ளம் மட்டும் வாய் திறக்கவில்லை. நடுவில் அந்தப் பச்சைப் புள்ளி. பெட்டி என் மேசைமேல்தான் கிடந்தது. புள்ளி எங்கள் வீட்டின் மேலேயே நின்றது. பெட்டி தன் வேலையைத் துல்லியமாகச் செய்துகொண்டிருந்தது. எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போல் வந்தது. பெட்டி இங்கேதான் என்று தெரிந்தும், பைத்தியக்காரி, நான் திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். புதுப்பிக்கப் புதுப்பிக்க எங்கள் வீடே வந்தது.

மாமியார் வந்தாள். வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டாள். "எங் கையாலயே காட்டிக் குடுத்துட்டனே, ஊருக்கெல்லாம் காட்டிக் குடுத்துட்டனே!" அவளைப் பார்த்ததும் தங்கை எழுந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் மொண்டு வந்து கொடுத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். இருவரும் ஒரே ஜெபமாலையைச் சொன்னார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கரையிலிருந்து கூச்சல் வந்தது. எல்லாரும் ஓடினோம். கூட்டாளியின் வள்ளம் தங்கை புருஷனின் வள்ளத்தைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்துகொண்டிருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்து இன்ஜின் நின்றிருக்கிறது. பாரில் நங்கூரக்கல்லைப் போட்டு, அது பாறையிடுக்கில் மாட்டிக்கொள்ள, கயிறு அறுந்துவிடுமோ என்று அதையே பார்த்தபடி கிடந்திருக்கிறான். வேறொருவன் தேடிப் போயிருந்தால் அந்த இடத்தைக் கண்டிருக்கமாட்டான். உதடெல்லாம் உப்புப் பூத்து, கண் சிவந்து, நடக்கத் தெரியாதவன் போல மணலில் இறங்கினான். மாமியார் அவன்மேல் விழுந்து அழுதாள்.

தங்கை கிட்டே போனாள். எப்போதும் மரியாதையாகக் கூப்பிடுகிறவள். அன்றைக்கு முதல் தடவையாக அவனை நீ என்றாள்.

"ஒம் பாரு எனக்கு வேண்டாம். யாருட்ட வேணா சொல்லு, யாருட்டயும் சொல்லாமப் போ. நீ எங்கன இருக்கன்னு தெரியாமப் பயந்துட்டே கெடந்தேம்லா, அதக்கூடத் தாங்கிக்கிடுவேன். நீ என்னய பயமில்லாம இருக்க வச்சிட்டியே. நீ அங்கன சாவக் கெடந்தப்பம் நான் இங்கன மீன் தலையச் சப்பிட்டு இருந்தேன். ரெண்டாந்தரம் சோறு வாங்கித் தின்னேன். அத நான் எங்க போயித் துப்ப?"

அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் ஈரக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் தலைமேல் வைத்தான்.

அன்றைக்கே வரைபடத்தை அழித்துவிட்டேன். புள்ளி, கோடு, போன வழி, ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. புரோகிராமைத் திரும்ப எழுதினேன். இப்போது பெட்டி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் காட்டாது, எனக்கும்கூட. தங்கை போனில் மட்டும் "இருக்கான்" என்று ஒரு வார்த்தை வரும். வள்ளம் கரையைப் பார்த்துத் திரும்பினால் "வாரான்" என்று வரும். ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால்தான் இடம் வரும், அதுவும் அவளுக்கு மட்டும்.

"இதையும் எவங்கிட்டயாவது குடுத்துட்டான்னா?" என்றேன்.

தங்கை அவன் கழுத்தைக் காட்டினாள். சின்ன வயசில் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து அவன் கழுத்தில் உத்தரியம் கிடக்கிறது. மாதா படம் தைத்த சின்னப் பழுப்புத் துணி. குளித்தாலும் கழற்றமாட்டான். கடலுக்குப் போகிறவன் உத்தரியத்தைக் கழற்றி அடுத்தவனிடம் கொடுத்தான் என்று எங்கள் கரையில் எந்தக் கதையிலும் கிடையாது. நான் பெட்டியை இன்னும் சின்னதாக்கினேன். அவள் பழுப்புத் துணியில் பை தைத்து, அந்த உத்தரியக் கயிற்றிலேயே முடிச்சுப் போட்டாள். அவன் அசையாமல் தலை குனிந்து நின்றான். "மைனி, இது நனைஞ்சா ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று மட்டும் கேட்டான்.

நான் நினைத்தேன், இனிமேலாவது இவள் நிம்மதியாக இருப்பாள் என்று. இல்லை. மறுபடி இளைத்துவிட்டாள். மதியத் தூக்கம் போயிற்று. நேற்றும் வந்து என் அறையில்தான் உட்கார்ந்திருந்தாள், போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு. வெளியே கச்சான் புழுதியை வாரி அடித்தது. "இருக்கான்" என்று வந்திருந்தது.

"சாப்பிட்டுட்டுப் போயேம்ளா, இருக்கான்னுதான் வந்திருக்கே," என்றேன்.

"அவிய வரட்டும்க்கா," என்றாள்.

அம்மா அடுக்களையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள், சோறு ஆறுகிறதென்று. எனக்கும் இறங்காது என்று சொல்லிவிட்டேன்.